பாதம் மட்டும் நனைத்துப் போட்ட கணக்கு

அன்று அந்தப் பின்கட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வராதவர்கள்கூட நானும் பார்த்தேன் என்பார்கள்.

மாமா இருந்தார். அம்மையார்குப்பத்தில் இரண்டு தறி வைத்திருப்பவர். என் மாமனார் ஆகப் போகிறவர், அல்லது ஆகாமல் போகப் போகிறவர். அன்று காலை வரை எது என்று முடிவாகவில்லை.

அத்தை இருந்தார். மாமாவின் மனைவி. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்.

கோமளா இருந்தாள். அவர்களுடைய ஒரே மகள். சமையல்கட்டு வாசலில் பாதி தெரிந்தாள். மீதியைக் கதவு மறைத்தது.

என் பாவா இருந்தார். அக்கா வீட்டுக்காரர். எனக்குத் துணைக்கு என்று வந்தவர். வந்ததிலிருந்து முறுக்குத் தட்டுக்குத்தான் துணையாக இருந்தார்.

புரோக்கர் பாபு இருந்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். என்னைக்கூட பாவா என்றுதான் கூப்பிடுவான். வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி.

பெரியவர் இருந்தார். அவர் ஒரு கல்.

அப்புறம் நான். முனிரத்தினம். திருத்தணிப் பக்கம் ஒரு கல் குவாரியில் டிப்பர் டிரைவர். எட்டாவது வரை படிப்பு.

இத்தனை பேரில் எனக்குக் கணக்குத் தெரியும் என்று வாயைத் திறந்து சொன்னவன் நான் ஒருவன்தான்.

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பின்கட்டில் பூவரச மரத்தடியில் ஒரு சின்ன மேடை. அதன்மேல் அவர். உரிக்காத தேங்காய் அளவு. கறுப்பு நிறம். நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், ஒட்டவைத்த வெள்ளிக் கண்கள். கிணறு வெட்டும்போது கிடைத்தவராம். அந்த வீட்டுக்கு அவர்தான் மூத்த பிள்ளை மாதிரி. புதுத்துணி எடுத்தால் முதல் துண்டு அவருக்கு. தினமும் விடிந்ததும் அத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் பாதம் என்று சொல்லும் அடிப்பக்கத்தைக் கழுவி மஞ்சள் பூசுவார். தலையோடு முழுக்கு ஆடியில் ஒரு நாள் மட்டும். அன்றைக்குப் பொங்கலும் சேவலும் உண்டு.

எனக்கும் கோமளாவுக்கும் பேசி முடித்திருந்தார்கள். தட்டு மாற்ற வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து பாபு வந்தான்.

வந்தவன் பெரியவரைப் பார்த்தான். கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் இறக்கினான். திரும்ப ஏற்றினான். "இது கல்லு இல்ல நைனா, இரிடியம்" என்றான். ராக்கெட்டுக்குப் போடும் உலோகமாம். வெளிநாட்டுக்காரன் தேடிக்கொண்டு அலைகிறானாம். ஆனால் வெறும் கையால் தொட்டால் ஆள் கருகிவிடுவானாம். தொடுவதற்கு ஒரு தனி டிரெஸ் உண்டாம். அது கப்பலில் வர வேண்டுமாம். அந்த டிரெஸ் செலவை மட்டும் கல்லுக்குச் சொந்தக்காரர் ஏற்க வேண்டுமாம்.

(அத்தை தினமும் வெறும் கையால்தான் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். ஒரு விரல்கூடக் கருகவில்லை. இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.)

மாமா ஒரு தறியை விற்று டிரெஸ் வரவழைக்க முடிவு செய்தார். தட்டு மாற்றுவதைத் தள்ளிவைத்தார். "கல்லு போவட்டும் மாப்ள. அப்பால ஜாம்ஜாம்னு பண்ணிக்கலாம்" என்றார். நான் சரி என்றேன்.

அப்புறம் அக்கா ஒரு சேதி கொண்டுவந்தாள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் கேட்டாளாம். மாமா யாரிடமோ, இன்ஜினியர் மாப்பிள்ளை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தாராம். இரிடியம் வைத்திருக்கும் வீட்டுக்கு டிப்பர் டிரைவர் பொருந்துவானா? எனக்கே பொருந்துவதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கோமளா போன் செய்தாள்.

"நைனா தறிய விக்கப் போறாரு. எனக்கும் வேற எடம் பாக்கறாரு. நீ இன்னா பண்ணிகினு கீற?"

"லோடு அடிச்சிகினு கீறேன்."

"எதனா பண்ணு."

"ஆங்."

என்ன செய்வது என்று தெரியாமல் சொன்ன ஆங் அது. என் வாழ்க்கையில் பாதி விஷயம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

மறுநாள் குவாரியில் லோடுக்குக் காத்திருந்தபோது வழி தெரிந்தது. ஆபீசுக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம். அதில் லேப் சார் கல்லைச் சோதிப்பார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது என் பழக்கம். கல்லைக் காய்ந்தபடி எடை போடுவார். அப்புறம் தராசில் தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்கி மறுபடியும் எடை போடுவார். எதற்கு என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கல்லு தண்ணியில எறங்குனா தன் அளவு தண்ணிய அந்தாண்ட தள்ளும்யா. தள்ளுன தண்ணியோட கனம் எவ்வளவோ அவ்வளவு கல்லுல கொறைஞ்ச மாதிரி தராசு காட்டும். காஞ்ச எடைய, எவ்வளவு கொறைஞ்சுதோ அதால வகு. தண்ணிய விட கல்லு எத்தன மடங்கு கனம்னு வந்துரும். அதான் அடர்த்தி."

"நம்ம மலைக் கல்லு எவ்ளோ சார் வரும்?"

"ரெண்டரைக்கு மேல, மூணுக்குள்ள."

"இரிடியம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போனில் தேடினார். "இருவத்தி ரெண்டரை. உனுக்கு எதுக்குய்யா?"

"சும்மா சார்."

கணக்கு முழுவதும் என் தலையில் ஏறிவிட்டது. ஒன்று மட்டும் ஏறவில்லை. நான் உட்காரும் பெஞ்சிலிருந்து தராசு தெரியும், சாரின் முகம் தெரியும். வாளி தெரியாது. மேசை மறைக்கும். கல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பாவாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அம்மையார்குப்பம் போனேன். பாபுவும் அங்கே இருந்தான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"மாமா, இது இரிடியமா கல்லான்னு நான் கணக்குப் போட்டுச் சொல்றேன்."

"நீயா?" என்றார் மாமா.

"ஆங். நூல் எடை போடற கொக்கித் தராசு கீது இல்ல? ஒரு வாளி தண்ணி. போதும்."

பாபு சிரித்தான். "டிரைவர் பாவா சயின்டிஸ்ட் ஆயிட்டாரு!"

"இரிடியம் தண்ணிய விட எத்தன மடங்கு கனம்னு நீயே சொல்லு" என்றேன்.

அவனுக்கு அது தெரிந்திருந்தது. அது அவன் தொழில். "இருவத்தி ரெண்டரை" என்றான் யோசிக்காமல்.

நான் மாமாவைப் பார்த்தேன். "கேட்டுக்கினீங்களா? இருவத்தி ரெண்டரை வந்தா நான் எழுந்து போயிடறேன். கோமளாவ யாருக்கு வேணா குடுங்க. மூணுக்குக் கீழ வந்தா இன்னிக்கே தட்டு மாத்தணும்."

கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது. பாவா முறுக்கு மெல்வதை நிறுத்தினார். என் வாழ்நாளில் நான் தொடர்ச்சியாகப் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதற்குப் பிறகு அப்படி எதுவும் பேசவில்லை. காரணம் வருகிறது.

மாமா ஒத்துக்கொண்டார். பெரியவரைப் புதுத் துண்டில் தூளி மாதிரி வைத்துக் கட்டினேன். கொக்கியில் மாட்டி ஒற்றைக் கையால் தூக்கினேன். ஒன்பது கிலோ. பாவா சத்தமாகப் படித்தார்.

அடுத்து தண்ணீர். வாளிக்கு மேலே கொண்டுபோனபோது அத்தை குறுக்கே வந்தார்.

"மாப்ள, நில்லு. மொகத்துல தண்ணி படக் கூடாது."

"ஏன் அத்தை?"

"ஆடியிலதான் முழுக்கு. ஊடால தலைக்கு ஊத்துனா கண்ணு வுழுந்துடும். பாதத்த வேணா நனைச்சிக்க. தெனைக்கும் நான் கழுவறது இல்ல?"

நான் யோசித்தேன். (யோசித்தேன் என்றுதான் இதுநாள் வரை சொல்லிவருகிறேன்.) ஜுரம் பார்க்கிறார்கள். குச்சியின் நுனிதானே நாக்கில் படுகிறது? முழுக்குச்சியையுமா விழுங்குகிறோம்? தண்ணீர் பட்டால் போதும், எங்கே பட்டால் என்ன? இப்படி ஒரு முடிவுக்கு வந்தேன். மலை மேல் இருக்கிற முருகன் அந்த நேரத்தில் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சரி அத்தை. பாதம் போதும்."

மெதுவாக இறக்கினேன். மஞ்சள் பூசிய பாதம் வரைக்கும் தண்ணீர். அதற்கு மேல் ஒரு சொட்டு ஏறவில்லை. கை ஆடாமல் பிடித்திருந்தேன். அந்தப் பிடியைப் பற்றி எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

பாவா குனிந்து படித்தார். "எட்டு புள்ளி ஆறு."

ஒன்பதில் எட்டு புள்ளி ஆறு போனால் புள்ளி நாலு. போனை எடுத்து ஒன்பதைப் புள்ளி நாலால் வகுத்தேன்.

பார்த்தேன். அழித்துவிட்டு மறுபடியும் வகுத்தேன். போனைத் துடைத்துவிட்டு மறுபடியும் வகுத்தேன்.

"எவ்ளோ?" என்றார் மாமா.

பாவா எட்டிப் பார்த்தார். அவருக்கு மறைக்கத் தெரியாது.

"இருவத்தி ரெண்டரை" என்றார்.



முதலில் அசைந்தவன் பாபு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அவன் கண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்னக் கண். பயந்த கண். எத்தனை ஊரில் எத்தனை கல்லைக் காட்டி இந்த நம்பரைச் சொல்லியிருப்பான்! ஒரு கல்லாவது திருப்பிச் சொல்லியிருக்குமா?

என் காதருகே வந்து, "பாவா, நெஜமாவா?" என்றான்.

அவ்வளவுதான். நேரே போய்ப் பெரியவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டான். மார்போடு அணைத்துக்கொண்டான்.

"வெறும் கையால தொட்டா கருகிப்பூடும்னீங்களே?" என்றது கதவு. கோமளாதான்.

பாபு அதைக் காதில் வாங்கவில்லை. "டிரெஸ் எல்லாம் வாணாம் நைனா. தறியும் விக்க வாணாம். நானே எடுத்துக்கினு போறேன். இன்னா கேட்டாலும் தரேன்."

மாமா அவனிடமிருந்து பெரியவரைப் பிடுங்கி மேடையில் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. பரிதாபம் இருந்தது.

"நல்லா கணக்குப் போட்ட, தம்பி" என்றார்.

தம்பி. ஐந்து நிமிஷம் முன்பு வரை மாப்ள. பாவாவுக்கும் அது கேட்டது. செருப்பு எங்கே விட்டோம் என்று தேட ஆரம்பித்தார்.

நான் தெருவுக்கு வந்தேன். சொன்ன சொல்லுக்கு எழுந்து போய்விட வேண்டியதுதான். ஆனால் தராசைப் பிடிக்கும்போது வண்டிச் சாவியைப் பாவாவிடம் கொடுத்திருந்தேன். அவர் வரும்வரை என்ன செய்வது? லேப் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், இருவத்தி ரெண்டரை வந்துட்சி."

"எது?"

"சாமிக் கல்லு. ஒம்போது கிலோ. தண்ணியில எட்டு புள்ளி ஆறு."

"எவ்ளோ பெருசுய்யா கல்லு?"

"தேங்கா அளவு. உரிக்காத தேங்கா."

"யோவ், அந்த அளவுல இரிடியம்னா எழுவது எழுவத்தஞ்சு கிலோ வரணும்யா. நீ ஒத்தக் கையால தூக்கினு நிக்கிற?"

நான் என் கையைப் பார்த்தேன்.

"தண்ணியில எப்படி எறக்குன?"

"பாதம் வரைக்கும் சார்."

"பாதமா?"

"மொகத்துல தண்ணி படக் கூடாதுன்னாங்க."

அந்தப் பக்கம் சார் சிரிப்பை அடக்கினார். மூச்சு மட்டும் வந்தது. பக்கத்தில் இருந்த இன்னொருவரிடம் சொல்வது கேட்டது. அப்புறம் இரண்டு பேரின் மூச்சு. கடைசியில், "முழுசா முழுவணும்யா. ஒரு முடி வெளிய தெரியக் கூடாது. எவ்ளோ முழுவுதோ அவ்ளோதான் கொறையும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உள்ளே போனேன். பாபுவும் மாமாவும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா என்ன கேட்டாலும் பாபு சரி என்றான். அதுதான் மாமாவுக்குச் சந்தேகம் கொடுத்தது. நெசவுக்காரர். கேட்ட விலைக்கு உடனே தலையாட்டும் வியாபாரியை அவர் பார்த்ததில்லை.

"மாமா, கணக்கு தப்பு. சாமி முழுசா முழுவணும். பாதம் மட்டும் நனைஞ்சா சரியா வராது" என்றேன்.

மாமா கண்ணைச் சுருக்கினார். கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்று அப்புறம்தான் புரிந்தது.

"பாதம் மட்டும் நனைஞ்சதுக்கே இருவத்தி ரெண்டரையா?" என்றார்.

"ஆங்."

"முழுசா நனைஞ்சா இன்னும் ஏறுமா?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. அதிகம் பேசுகிறவனும் இல்லை. "முழுவுனாதான் தெரியும் மாமா."

"முழுக்காட்டு!" என்றார் மாமா.

"வாணாம் நைனா, வந்தது போதும்" என்று பாபு குறுக்கே விழுந்தான். அவன் வேண்டாம் என்கவும் மாமாவுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. "டேய், இதுல இன்னமோ கீது. முழுக்காட்டு!"

அப்போது அத்தை பேசினார். மெதுவாகத்தான் பேசினார்.

"முழுக்காட்டலாம். யாரு முழுக்காட்டறது?"

"ஏன், இவன்தான்" என்று மாமா என்னைக் காட்டினார்.

"இவரு யாரு நம்ம வீட்டுக்கு? பெரியவரு மூத்த புள்ள. மூத்த புள்ளைக்கு மச்சான் மொறைக்காரன்தான் தலைக்கு ஊத்தணும். இந்த வீட்டுல பொண்ணு எடுத்தவன். நீ ஊத்தக் கூடாது, நான் ஊத்தக் கூடாது."

"வருசா வருசம் என் தங்கச்சி வீட்டுக்காரன்தானே ஊத்தறான்? அவனக் கூப்புடு."

"அவரு பெங்களூர்ல கீறாரு."

மாமா பின்கட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பாபு பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பாவா நிமிர்ந்தார். வந்ததிலிருந்து அவர் செய்த உருப்படியான ஒரே காரியம் இதுதான்.

"இன்னாத்துக்கு பெங்களூரு? தட்டு மாத்திட்டா இவனும் மச்சான் மொறைதானே?"

மாமா என்னைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். இன்ஜினியர் மாப்பிள்ளை ஒரு பக்கம். இருபத்தி இரண்டரைக்கு மேலே எவ்வளவோ அது ஒரு பக்கம்.

"தட்ட எடுத்தா!" என்று கத்தினார்.

அத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், ஒரு முழம் பூ. அவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த மச்சான் முறையை எந்தக் காலத்தில் யார் வைத்தார்கள் என்றும் இன்று வரை கேட்கவில்லை. கேட்பதில் எனக்கு என்ன லாபம்?

பாவா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். "சீக்கிரம் மாத்துங்க, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தியவர் பெண்ணைப் பெற்றவர். உலகத்தில் எங்கேயும் அப்படி நடந்திருக்காது. தட்டு மாறியது. கோமளா முழுவதுமாகக் கதவுக்கு வெளியே வந்தாள். சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது. (வெட்கம் என்று பாவா இன்றைக்கும் சொல்கிறார்.)

அத்தை பெரியவரின் வெள்ளிக் கண்களைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்தார். வாளி போதாது என்று அண்டாவை நிரப்பினோம். நான் இடுப்பில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு, பெரியவரைத் தூளியோடு இறக்கினேன். பாதம் போயிற்று. வயிறு போயிற்று. நெற்றி போயிற்று. விபூதி வெள்ளையாகக் கரைந்து மேலே வந்தது. அடியில் இடிக்காமல் நடுத்தண்ணீரில் நிறுத்தினேன்.

பாவா படித்தார். "அஞ்சு புள்ளி ஏழு."

ஒன்பதில் ஐந்து புள்ளி ஏழு போனால் மூன்று புள்ளி மூன்று. இந்த முறை போனைக் கோமளா வாங்கிக்கொண்டாள். வகுத்தாள். அப்பா கையில் கொடுத்தாள்.

மாமா போனைத் தூரத்தில் பிடித்தார். கிட்டத்தில் பிடித்தார்.

"ரெண்டு புள்ளி ஏழு" என்றார். "மின்னாடி இன்னொரு ரெண்டு இருக்கணுமே?"

"இல்ல மாமா. ஒரு ரெண்டுதான்."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்போ இது?"

"கல்லு மாமா. நம்ம மலைக் கல்லு."

மாமா மேடையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து, அது பெரியவர் உட்காரும் இடம் என்று தரையில் உட்கார்ந்தார். பாபு கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"வாங்க மாப்ள, பெரியவருக்குத் தலை துவட்டுங்க" என்றார் மாமா கடைசியில். என்னைத்தான். குரலில் உற்சாகம் கொஞ்சமும் இல்லை. ஆனால் மாப்ள என்று சொன்னார்.

முழுக்குப் போட்டாயிற்று. முறைப்படி பொங்கலும் சேவலும் வைத்தே ஆக வேண்டும். வைத்தார்கள். பாபு போய்விடுவான் என்று பார்த்தேன். போகவில்லை. பாவாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தான். இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினான். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கம் அவனைப் பார்த்தவர் இல்லை.

தறி இரண்டும் ஓடுகிறது. எங்கள் சொந்தத்தில் யாராவது ஒன்றைப் பெரிதாக அளந்துவிட்டால், "பாதம் மட்டும் நனைச்ச கணக்கா?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கினான் என்றால் கேட்பார்கள். மாப்பிள்ளைக்குச் சம்பளம் இவ்வளவு என்றால் கேட்பார்கள். என் அக்கா பேரனுக்கு மூன்று வயசு. அவனும் கேட்கிறான்.

ஆடி முழுக்கு இப்போது என் வேலை. அன்றைக்கு மாமா கொக்கித் தராசோடு முதல் ஆளாக வந்து நிற்பார்.

"வருசா வருசம் பொங்கல் வெக்கிறோம். சேவல் குடுக்கறோம். கொஞ்சமாவது ஏறியிருக்காதா மாப்ள?"

"பாக்கலாம் மாமா."

போன ஆடியிலும் பார்த்தோம். நான் இறக்கினேன். பாவா படித்தார். என் மகள் போனில் வகுத்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பியிருந்தார்.

இரண்டு புள்ளி ஏழு.